மூன்றாம் விலா

தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அக்கா இரண்டாவது முறை சொன்னபோதும் நர்சம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. சட்டையின் வலது கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை நேராக வெட்டிக்கொண்டு வந்தவள், காலர் தடுத்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் வெட்டினாள். பொத்தான்களைக் கழற்றியிருக்கலாம். ஆனால் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவள் இப்படித்தான். அடிபட்டவனை அசைத்துச் சட்டையைக் கழற்றக் கூடாது, வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்பாள். அது உயிரோடு இருப்பவனுக்குத்தானே என்று அக்காவுக்கு வாய்வரை வந்தது. மேல் பொத்தான்கள் மூன்றையும் நேற்று அக்காதான் கழற்றினாள். பிறகு அவளே போட்டும்விட்டாள்.

பரிசோதனைக் கட்டிலில் கிடந்தவன் ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குப் புருஷன். மின்கம்பம் ஏறுகிற வேலை. ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரண்டு என்பார்கள். எப்போது வருவான், எப்போது போவான் என்று யாருக்கும் தெரியாது என்று காரணமும் சொல்லிச் சிரிப்பார்கள். நேற்றுக் காலை கல் ஆலைக்குப் போகும் வழியில் இருபதடி உயரத்திலிருந்து ஜல்லிக் குவியல்மேல் வலப்பக்கமாக விழுந்தான். அவனுடைய ஏணியிலேயே அவனைக் கிடத்தி நாலு பேர் இங்கே தூக்கி வந்தார்கள்.

அப்போது நர்சம்மா ஊரில் இல்லை, மறுபடி பயிற்சிக்குப் போயிருந்தாள்.

உண்மையில் அவள் நர்சும் இல்லை. மலைமேல் இருக்கிற இந்த இரண்டு அறைச் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுப்பது, கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவள்தான். டாக்டர் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் வந்தாரா இல்லையா என்பதே பாதிப் பேருக்குப் போன பிறகுதான் தெரியும். கூட்டிப் பெருக்குவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அக்காவின் வேலை. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் கூரை தங்காது என்று ஊரில் சொன்னார்கள். ஒன்பது வருஷமாகக் கூரை தங்கியிருந்தது.

டாக்டர் எட்டாத இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அவசர அறுவைச் சிகிச்சை கற்றுத் தருகிறார்கள் என்று நர்சம்மாவுக்குக் கடிதம் வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். முதலில் இரண்டு வாரம். பிறகு ஊருக்கு வந்து ஒரு மாதம் பழகிவிட்டு, மறுபடி ஐந்து நாள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதம் வீட்டில் தைக்காமல் விட்ட பொருள் இல்லை. ஆரஞ்சுத் தோலைத் தைத்தாள். கசாப்புக்கடையில் தோலோடு கொழுப்பு வாங்கி வந்து தைத்தாள். மெத்தையைக் கிழித்துத் தைத்தாள். கணவனின் சட்டைப் பொத்தானை அவள் தைத்துக் கொடுத்தால் சட்டை கிழிந்தாலும் பொத்தான் வராது.

நெஞ்சில் ஊசி இறக்குவதற்கு மட்டும் மனித உடம்பே வேண்டியிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவனை இதே கட்டிலில் படுக்கவைத்து அவள் விரலால் எண்ணுவாள். கழுத்தடியில் இருக்கிற காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே இரண்டாம் விலா, அதற்குக் கீழே மூன்றாம் விலா, அதன் மேல்விளிம்பு. அங்கே பேனாவால் ஒரு புள்ளி. விலா உடைந்து நுரையீரலைக் குத்தினால் காற்று வெளியே வர வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே அடைந்துகொள்ளும், இதயத்தையே நெருக்கிவிடும், தடித்த ஊசி ஒன்றை இந்த இடத்தில் இறக்கினால் காற்று வெளியேறி ஆள் பிழைப்பான் என்று அக்காவுக்கு விளக்குவாள். சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுகிற மாதிரியா என்று தம்பி படுத்தபடியே கேட்பான். கூச்சத்தில் நெளிவான். ஒருநாள் அக்காவின் கையில் பேனாவைக் கொடுத்து எண்ணச் சொன்னாள் நர்சம்மா. அக்கா எண்ணி, புள்ளி வைத்தாள். நூலிழை பிசகவில்லை.

"என்னை விட நீங்க பரவாயில்ல அண்ணி" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நேற்றிலிருந்து அக்காவுக்கு எல்லாமே மூச்சாகக் கேட்டது. கொதிகலனின் மூடி தூக்கித் தூக்கி இறங்கும் சத்தம். கதவுக் கீல். கூரைத் தகரத்தில் காற்று. ஒரே மாதிரிதான் எல்லாம். குட்டையாக, வேகமாக, பாதியில் அறுந்து. இப்போதும் அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சத்தம் நிற்க வெகுநேரம் பிடித்தது. கட்டிலிலிருந்துதான் வருகிறதோ என்று திரும்பிப் பார்த்துவிட்டாள்.

நர்சம்மா அதைக் கவனிக்கவில்லை. லாரி பிடித்து, பிறகு டிராக்டர் பிடித்து, பொழுது விடிந்தபின் வந்து சேர்ந்தவள் இன்னும் அழவில்லை. வாசலில் நின்றவர்கள் அவளைக் கட்டிக்கொள்ள வந்தபோது இரண்டு கையாலும் விலக்கிவிட்டு உள்ளே வந்தாள். நான் கழுவிக்கறேன், எல்லாரும் வெளியே இருங்க என்றாள். அக்காவை மட்டும் போகச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம்தான் என்றாள் அக்கா.

வெளியே ஏணி தூக்கி வந்த நாலு பேரும் இருக்கிறார்கள். கேட்டால் ஒன்றே கால் மணி நேரம் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவன்தான் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய் நர்சம்மாவின் கைப்பேசிக்கு அடித்துக்கொண்டே இருந்தான். வகுப்பு நடக்கும்போது எல்லோருடைய கைப்பேசியையும் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்களாம். அது அவனுக்கு எப்படித் தெரியும்.

நர்சம்மா கழுத்தின் குழியில் விரலை வைத்து மூச்சுக்குழாயைத் தடவிப் பார்த்தாள். வலப்பக்கம் அடைந்த காற்று தள்ளியதில் அது இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது அவள் விரல் நின்ற இடத்திலேயே தெரிந்தது. பிறகு இடது உள்ளங்கையை நெஞ்சில் பரப்பி வைத்து, வலக்கையின் நடுவிரலால் அதன்மேல் தட்டினாள். இடப்பக்கம் மந்தமாக ஒலித்தது. வலப்பக்கம் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். மறுபடி இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். உள்ளே ஆள் இருக்கிற வீட்டின் கதவைத் தட்டுகிறவளைப்போல அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். போதும்மா என்று சொல்ல அக்கா நினைத்தாள்.

ஒருவழியாக நர்சம்மா தட்டுவதை நிறுத்தி, துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். தலையை நனைத்துக் கழுவிவிட்டு முகத்துக்கு வந்தாள். புருவத்தில் ஜல்லித் தூசு படிந்திருந்தது. கழுத்து, தோள், கை. அக்கா சோப்பு நுரைத்துக் கொடுத்துக்கொண்டே அவனுடைய முகத்தைப் பார்க்காமல் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நெஞ்சுக்கு வந்தது. வலப்பக்கம் வந்தபோது நின்றது.

நர்சம்மா குனிந்தாள். நன்றாகக் குனிந்து, விரலால் எண்ணினாள். காறை எலும்பின் நடு, இரண்டாம் விலா, மூன்றாம் விலா. மூன்றாம் விலாவின் மேல்விளிம்பில், கடுகளவு, காய்ந்த ரத்தத்தோடு ஒரு குத்து. தோலைத் தாண்டவில்லை. குத்திய இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் அவனுடைய உடம்பில் தூசு இல்லாமல் சுத்தமாக இருந்தது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்த சுத்தம்.

அவள் நிமிரவில்லை.

"சரியான இடம்" என்றாள்.

பாராட்டா, குற்றமா என்று அந்தக் குரலில் எதுவும் இல்லை. அக்காவின் கையிலிருந்து சோப்பு நழுவித் தரையில் போய் நின்றது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். எடுத்தவள் அப்படியே கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தூக்கி வந்தபோது அவனுக்குப் பேச்சு இருந்தது. ஏணி உடைஞ்சிருச்சா பாரு என்றுதான் முதலில் கேட்டான். அரைமணி போனபின் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான். பிறகு வார்த்தை நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்து, உதடு நீலம் பாய ஆரம்பித்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நர்சம்மா வாயால் சொன்னதை அவள் கண்ணால் பார்த்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். துடைப்பம் பிடிக்கிற கை ஊசி பிடிப்பதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்றுதான். அலமாரியில் தடித்த ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா. பொத்தானைக் கழற்றினாள். துடைத்தாள். எண்ணினாள். வைத்தாள்.

"வெச்சு அழுத்தினேன். தோல்ல ஏறுச்சு. அப்ப அவன் என் கையைப் பிடிச்சுட்டான்."

"வேணாம்னு பிடிச்சாரா?"

"தெரியலம்மா. கண்ணு என்னையே பாத்துச்சு. வேணாங்கிறான்னு நெனச்சேன்." சோப்பைத் தரையில் வைத்துவிட்டு, "நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவன் கையை விடவில்லை. அவளும் அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடி தளர்ந்தபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஊசியை எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் வைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, கதவைத் திறந்தாள்.

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ கொடுத்தார்கள். நர்சம்மா துணியை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நேத்துதான் அதைச் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். "மூச்சு முட்டுற ஆளு கையைப் பிடிப்பாங்க. தண்ணில முழுகுறவன் பிடிக்கிற மாதிரி. வேணும்னும் இல்ல, வேணாம்னும் இல்ல. பிடிச்சாலும் நிறுத்தக் கூடாது, கூட ஒருத்தர் இருந்தா அந்தக் கையைப் பிடிச்சுக்கச் சொல்லணும்னு." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "பத்தரை மணி இருக்கும். நான் அதை நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன்."

பத்தரைக்கு அக்கா கதவைச் சாத்திவிட்டிருந்தாள்.

முதல் தடவையே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அக்கா கேட்டிருக்கலாம். அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால், பேனாவை என் கையில் கொடுக்காமல் இருந்திருந்தால், எனக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்குமே என்றும் கேட்டிருக்கலாம். ஒன்றும் தெரியாதவர்கள் வெளியே நாலு பேர் நின்றிருந்தார்கள். நேற்று ராத்திரி அவர்கள் அழுதார்கள், பிறகு தூங்கினார்கள்.

நர்சம்மா எழுந்து வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கையைக் காட்டுங்க அண்ணி."

அக்கா தயங்கினாள். நர்சம்மா அவளுடைய வலது கையை எடுத்து, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை முழங்கைவரை ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே விரல்கள் பதிந்து கன்றியிருந்தன. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று. ஓரங்கள் கருநீலமாகி, நடுவில் தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. கம்பம் ஏறுகிறவனின் பிடி.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அடையாளங்களின்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். பொருந்தவில்லை. அவனுடைய விரல்கள் நீளம். கையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி வைத்துப் பார்த்தாள். கட்டை விரல் எங்கே அழுந்தியிருக்கிறது, தோல் எந்தப் பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று தடவினாள். எழுந்து கட்டிலுக்குப் போய் அவனுடைய வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். விறைத்திருந்த விரல்கள் அவளுக்கு வளைந்து கொடுக்கவில்லை. திரும்ப வந்து அக்காவின் கையை எடுத்தாள்.

அவன் அக்காவின் கையைத் தன் நெஞ்சுப் பக்கமாக அழுத்தினானா, விலக்கித் தள்ளினானா என்பது அந்தக் கன்றலில் இருந்தது. அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லு என்று கேட்கப் பார்த்தாள். நர்சம்மாவின் கண்கள் அந்தக் கட்டை விரலின் அடையாளத்தில் நிலைத்திருந்தன. அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

பிறகு சட்டைக் கையை மெல்ல மணிக்கட்டுவரை இறக்கிவிட்டாள்.

அக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கூரைத் தகரத்தில் காற்று ஏறி இறங்கியது.

"துண்டை எடுங்க அண்ணி" என்றாள் நர்சம்மா. "தலை ஈரமா இருக்கு."

அக்கா எழுந்து துண்டை எடுத்தாள். தம்பியின் தலையைத் தன் கையில் ஏந்தி, உச்சியிலிருந்து துவட்ட ஆரம்பித்தாள். முடி காய்ந்த பிறகும் துண்டைக் கீழே வைக்கவில்லை. ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டு, காதுமடல்களுக்குப் பின்னாலும் துடைத்தாள்.