பெர்டோல்ட் விட்டுப்போன வண்டி

பெர்டோல்ட் வரப்போகிறான் என்று செய்தி வந்த நாளிலிருந்து வெண்டெல் அந்த நீல மோட்டார் சைக்கிளை மூன்று தடவை கழுவிவிட்டான்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்வளவு சோப்பு போட்டுக் குளிச்சதில்ல" என்றாள் மனைவி எதெல்கா.

வண்டி பெர்டோல்டுடையது. எண்பத்தொன்பது ஆகஸ்டில், அவனைப்போன்ற கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் ஹங்கேரி எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, எல்லையூரான கோஸெக் பக்கத்துக் காட்டோரத்தில் சாவியை வெண்டெலின் கையில் திணித்துவிட்டு அவன் மரங்களுக்குள் புகுந்தான். நான்கு கோடைகள் பாலாட்டோன் ஏரிக்கரையில் சேர்ந்து சுற்றியவர்கள். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. வெண்டெல் ஹங்கேரிக்காரன், கையில் பாஸ்போர்ட் இருந்தது. வண்டியோடு சாலை வழியாகவே வந்து, அந்தப் பக்கத்து முதல் ஊர் தேவாலயத்தில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. அப்புறம் இருவரும் ஒன்றாக மேற்கே போய்விடுவது.

வெண்டெல் போகவில்லை. 'என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க' என்று பிறகு கடிதம் எழுதினான். பெர்டோல்ட் ஹாம்பர்கில் வேலை, பிள்ளைகள், ஒரு விவாகரத்து என்று முப்பத்தைந்து வருடத்தைக் கழித்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் தவறாமல் வரும்.

இப்போது ரயிலில் வந்து இறங்கினான், தலை முழுக்க நரைத்து. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "என்னைவிட நல்லா இருக்கேடா இது!"

"உனக்குத்தான் யாரும் எண்ணெய் போடலயே."

மூன்று நாள் சுற்றினார்கள். பெர்டோல்ட் நீல வண்டியில், வெண்டெல் தன் வண்டியில் முன்னால். ஏரியின் வடகரையில் ஓடினார்கள். சாலையோரக் கடையில் எண்ணெய் சொட்டும் லாங்கோஷ் பொரிரொட்டி வாங்கிப் பூண்டும் பாலேடும் வழிய வழியத் தின்றார்கள். சூரியகாந்திக் கொல்லைகள் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. பக்கக் கண்ணாடியில் அந்த நீல வண்டி சிறிதாகத் தெரியும்போதெல்லாம் வெண்டெல் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். எத்தனை கோடை இப்படிப் போயிருக்க வேண்டியது.

மூன்றாம் நாள் கோஸெக்கைத் தாண்டினார்கள். எல்லையில் ஆளில்லாத ஒரு காவல் கூண்டுதான் நின்றது. வெண்டெல் வேகத்தைக் குறைத்தான். பெர்டோல்ட் நிற்காமல் போய்விட்டான். வேறு வழியில்லாமல் வெண்டெலும் பின்னாலேயே போனான்.

முதல் ஊர் தேவாலயப் படியில் பெர்டோல்ட் உட்கார்ந்தான். "இங்கதான் ரெண்டு நாள் இருந்தேன். ஒரு ரொட்டியோட. என்னால உன்னை ஜெயில்ல போட்டுட்டாங்களோன்னு உன் கடுதாசி வர்ற வரைக்கும் எத்தனை ராத்திரி தூங்கல தெரியுமா?"

வெண்டெல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னை யாரும் திருப்பி அனுப்பலடா. எல்லை கேட்டுக்கு முன்னால எஞ்சின் ஓட ஓட நின்னேன். காவல்காரன் வா வான்னு கையக்கூட காட்டினான். பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

பெர்டோல்டின் முகம் சிவந்தது. "ரெண்டு நாள்டா, நாயே!" எழுந்து கொஞ்ச தூரம் நடந்தான். சாலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

"அன்னிக்கு நீ வந்திருந்தா?" என்றான்.

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

பெர்டோல்ட் நீல வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தன் வண்டியை ஹாம்பர்குக்கே ஓட்டிப்போவதாகச் சொன்னான். "எவ்வளவு தூரம் வருவ?"

"கொஞ்ச தூரம்" என்ற வெண்டெல் மாலைவரை கூடவே போனான். எதிரே மலைகள் நீலமாக எழும்பின. ஒரு பெட்ரோல் பங்கில் நின்றார்கள். மறுநாள் வெண்டெலுக்குப் பண்ணையில் அறுவடை இயந்திர வேலை. பெர்டோல்ட் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கோபம் முழுதும் போய்விட்டதா என்று தெரியவில்லை, கட்டிக்கொண்டான். வண்டியின் சத்தம் மலைப்பக்கம் தேய்ந்து மறைந்த பிறகும் வெண்டெல் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நீல வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவது அவன் வழக்கம். அந்த ஞாயிறும் கால்கள் தானாகக் கொட்டகைக்குப் போய்விட்டன. தரையில் எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது.

தேடி வந்த எதெல்கா கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாம போனா அந்த மலை வரைக்கும் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாள்.

"நாலு" என்றான் வெண்டெல்.