வேஸ்ட் இல்லாத வரைபடம்

1.

இந்தக் கதை என் காதில் விழுந்தது. கண்ணால் கதை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகம் முதலில் வரும், வெயில் வரும், தெரு வரும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாயைத் திறந்து பேசினால்தான் எனக்கு ஆள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் வீடு கட்டி விற்கும் ஒருவருடைய அலுவலகத்தில், எங்கள் முறை வரட்டும் என்று மகன் மருமகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பேச்சு வந்தது.

"இது வேஸ்ட்டு சார். எடுத்துருங்க."

அதைச் சொன்ன குரலில் அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

(என் மகனும் வரைபடம் பார்க்கத்தான் வந்திருந்தான். அதில் எனக்கும் ஓர் அறை இருந்தது. அதன்மேல் 'விருந்தினர்' என்று அச்சடித்திருந்தார்கள். அது வேறு கதை. எழுத மாட்டேன்.)

2.

முதல் தொடக்கம்: "வாரமெல்லாம் துணி வெட்டும் சந்தனம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டை வெட்டினான்." அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே அடித்துவிட்டேன். இது அழகாகத் தொடங்க வேண்டிய கதை இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "வீடு என்றால் கோமளாவுக்கு" என்பதோடு நின்றுவிட்டது. வீடு என்றால் கோமளாவுக்கு என்னவென்று அவள் சொல்லவில்லை. நானாக எப்படி முடிப்பது?

ஆகவே விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் நான் வைத்தவை. சந்தனம், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஜோதிகா அவன் மனைவி. எட்டாவது படிக்கும் மகள் ஒருத்தி. அன்று அவள் வரவில்லை. கோமளா அவனுடைய அக்கா. வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ நூல் பிசகோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான்கு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். ஆகவில்லை, அவ்வளவுதான்.

நால்வரும் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் யாருக்கும் தனி அறை இல்லை. அதனால் கோமளாவுக்கு அறை இல்லை என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குக்கூட.

3.

கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

கட்டாத வீட்டைக் காகிதத்தில் பார்த்து வாங்குவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். பெண்ணாவது பலகாரத் தட்டோடு எதிரில் வந்து நிற்கும். இங்கே ஒரு கோடு சுவர், ஒரு வில் கதவு, ஒரு சதுரம் நம் ஆயுசு. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றை அதில் தேடுகிறார்கள். என் மகன் கார் நிற்கும் இடத்தைத் தேடினான். மருமகள் வாஸ்து தேடினாள். சந்தனம் மார்க்கர் பேப்பரைத் தேடினான்.

அது கட்டிங் மேசையில் அடுக்கிய துணியின்மேல் விரிக்கும் காகிதம். முன்துண்டு, பின்துண்டு, கை என்று எல்லாம் அதில் கோடாகக் கிடக்கும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளி வேஸ்ட். கழுத்து வளைவுக்குள் கையின் முனையை நுழைத்து அந்த இடைவெளியை ஒழிக்கிறவன்தான் நல்ல மாஸ்டர். இடைவெளியைப் பார்த்தால் அவனுக்கு மனசு பொறுக்காது. பொறுக்கக் கூடாது என்றுதான் அவனை வேலைக்கே வைத்திருக்கிறார்கள்.

வீட்டின் வரைபடத்தையும் அவன் நின்றுகொண்டே பார்த்தான். தலைகீழாகத் திருப்பினான். நகத்தால் ஓரம் பிடித்துக்கொண்டே வந்தான். இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவில் ஹாலிலிருந்து பின்சுவர் வரை ஒரு பேசேஜ் போனது. அதன் முடிவில் ஒரு ஜன்னல். ஒரு கட்டில் போட்டாலும் ஆள் ஒதுங்கிப் போகிற அகலம். நகம் அங்கே நின்றது.

4.

விற்கிற தரப்பில் இருந்த பையனுக்கு ராஜ்கமல் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு, எழுதுவதற்குச் சுலபம்.

"அது காத்தோட்டத்துக்கு உட்டதுங்க. வேண்டாம்னா எடுத்துரலாமுங்க. இன்னும் அஸ்திவாரமே போடலீங்களே."

"எடுத்தா அந்த எடம் எங்க போவும்?" சந்தனம் கேட்டான்.

"அளவு அப்பிடியே ஹாலுக்கு வந்துருமுங்க. ஹால் பெருசா இருந்தா ஊட்டுக்கு நாலு பேரு வந்தா உக்காரலாமுங்க."

அப்போதுதான் சந்தனம், என் காதில் முதலில் விழுந்த அந்த 'வேஸ்ட்டு' பேச்சைச் சொன்னான். ராஜ்கமல் பென்சிலின் ரப்பர் முனையால் அந்தப் பேசேஜை அழித்தான். ஜன்னலும் அதோடு போயிற்று. அறைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ஜோதிகா, துணி வைக்க அலமாரி எங்கே வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். மகளுக்குப் படிக்கத் தனி அறை வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அடுத்த வருஷம் பெரிய வகுப்பு என்றாள். நியாயம்தான். இந்தக் கதையில் ஒருவரும் அநியாயமாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

கோமளா மட்டும் அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தூள் இன்னும் அங்கே கிடந்தது.

"என்னக்கா, பேசாம இருக்க? ஒனக்கு எப்பிடித் தோணுது?"

அவள் கைபேசி உறையின் பின்பக்கம் வேலையில் மிஞ்சிய ஸ்டிக்கர்கள் சில ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிய்த்தாள். வரைபடத்தில், பேசேஜ் இருந்த இடத்தில், அழிந்த ஜன்னல் மூலையைக் காட்டுகிற மாதிரி சிவப்பு அம்பை ஒட்டினாள்.

சந்தனம் சிரித்துவிட்டான். ராஜ்கமலிடம் பெருமையாகத் திரும்பினான்.

"பாத்தியளா? செக்கிங்ல இருக்கவ கண்ணு. கொற எங்கன்னு கரெக்டா காட்டுதா. அதத்தான் எடுத்தாச்சேக்கா."

ஜோதிகாவும் சிரித்தாள். "மதினி பாஸ் பண்ணிட்டாங்க, இனி பயமில்ல" என்றாள். கோமளாவும் சிரித்தாள்.

5.

ஸ்டிக்கர் ஒட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். மற்றதெல்லாம் காதில் விழுந்ததும் நானே கட்டியதும் கலந்தது.

கேட்கத் தெரியாதவள் அவள். குறையைக் காட்ட மட்டும்தான் பழக்கியிருக்கிறார்கள். 'இது எனக்கு வேண்டும்' என்று சொல்ல எந்தக் கம்பெனியிலும் ஸ்டிக்கர் கிடையாது. 'இங்கே ஏதோ பிசகிவிட்டது' என்று அவள் ஒட்டினாள். 'இதுதான் பிசகு' என்று அவன் எடுத்துக்கொண்டான். இப்படித்தான் நான் நினைக்கிறேன்.

(ஒருவேளை அவளும் அதை வேஸ்ட் என்றேதான் நினைத்தாளோ? அப்படியானால் கதையே இல்லை. எழுதுகிற கிழவிக்குத்தான் அறை வேண்டுமோ என்னவோ. இந்தச் சந்தேகத்தை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

சந்தனத்தைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். "அக்கா போய்ச் சேரட்டும் என்று அவன்" என எழுதினேன். பேனா நகரவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறவனின் குரல் அது. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. ஊரே சேர்ந்து திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

6.

முடிவுகள். எனக்குத் தெரிந்தபடி பேச்சாகவே எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. வெளியில் வந்து வண்டியை எடுக்கும்போது அவள் கேட்டுவிடுகிறாள்.

"அப்ப நான் எங்கடா படுக்க?"

"என்னக்கா இப்பிடிக் கேக்க? ஹால் இருக்குல்லா? ஒனக்காவத்தான பெருசாக்கச் சொன்னேன். ஃபேன் ரெண்டு மாட்டித் தாரேன்."

இதற்குமேல் அவள் என்ன பேச முடியும்? ஒரு பதில் எழுதித் தாருங்கள், போட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்பாகச் சொன்ன வார்த்தைக்குப் பதில் வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு. புதுவீட்டுப் பால் காய்ச்சிய பிறகு, கம்பெனி ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்கிறாள். வேலைக்குப் பக்கம் என்கிறாள். சந்தனம் அழுகிறான், ஊர் என்ன பேசும் என்கிறான். அவள் இருந்துவிடுகிறாள். ஆக இது முடிவே இல்லை, ஒன்றாம் முடிவுக்கே போகிற சுற்றுவழி.

மூன்று. ராஜ்கமலுக்குத் திடீரென்று புத்தி வந்து, "ஏனுங்க, அக்காவுக்கு எந்த ரூமுங்க?" என்று கேட்கிறான். இந்த ஒரு கேள்வி போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவன் கேட்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், நானும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்களின் விஷயம், நமக்கென்ன. என் மகன் வேறு, "அம்மா, அங்க என்னத்தப் பாத்துட்டு இருக்கறீங்க" என்று தோளைத் தொட்டுவிட்டான்.

7.

வீடு இப்போது எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் ஓர் அங்குலமும் வீணாகவில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஹாலைத்தான் புகழ்கிறார்கள். புகழ்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். இரு படுக்கையறைக் கதவுகளையும் சாத்தியாகிவிட்டது. நானும் நீங்களும் முடிவு என்னவென்று தெரியாமல் அதே ஹாலில்தான் இருக்கிறோம். கோமளா சமையலறை வாசலில் நிற்கிறாள். அன்று அந்த அலுவலகத்தில் வாயைத் திறக்காதவள், என்னிடம் வந்து கேட்கிறாள்.

"கத முடிஞ்சிட்டாம்மா?"

"இல்ல கண்ணு. உனக்கு என்ன முடிவு வெக்கறதுன்னுதான் இவங்களோட பேசீட்டிருக்கறேன்."

"ரொம்ப நேரம் ஆவுமோ?"

"ஏங் கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்கள்லாம் எந்திரிச்சாத்தான் நான் பாய விரிக்க முடியும்."

நான் எழுந்துவிட்டேன். நீங்கள் இருப்பதானால் இருங்கள். ஹால் பெரியதுதான்.