குயில்மேட்டில் பாசஞ்சர் கூட்ஸை முட்டியது யார் தப்பு

1

தமிழ்கூறும் நல்லுலகத்தார் அனைவரும் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ரயில்களின் சரித்திரத்தையே முன், பின் என்று இரண்டாகப் பிளக்கப்போகும் ஒரு மாபெரும் விபத்தைப் பற்றி, அதைக் கண்ணால் கண்ட ஒரே எழுத்தாளனாகிய நான் இன்று வாய் திறக்கிறேன். நீலகிரியில் ஒரு பயணிகள் ரயில் ஒரு சரக்கு ரயில்மீது மோதிவிட்டது.

உட்காரலாம்.

நீலகிரியில் சரக்கு ரயில் ஏது என்று இந்நேரம் ஒருவர் கை தூக்கியிருப்பார். (எல்லாக் கதைக்கும் அப்படி ஒருவர் உண்டு. பணி ஓய்வு பெற்றவராக இருப்பார்.) ஐயா, இது ஊட்டி ரயில் இல்லை. அரவேணுவுக்குக் கொஞ்சம் கீழே, குயில்மேடு எஸ்டேட் ரிசார்ட்டுக்குள் ஓடுகிற குட்டி ரயில். மேலே ஃபாக்டரி, கீழே ரோடு, நடுவில் ஒரே தண்டவாளம், அதில் ஒரு திருப்பம். வண்டி இரண்டு. டூரிஸ்ட்டுகளை மேலிருந்து கீழே கூட்டிப்போய்த் திரும்ப ஏற்றிவரும் நீலநிறப் பெட்டிகள் மூன்று, அது பாசஞ்சர். காலியாக இறங்கி, கீழ்த் தோட்டத்தில் பறித்த பச்சைத் தேயிலை மூட்டைகளோடு ஏறிவரும் திறந்த தள்ளுவண்டிகள் நான்கு, அது கூட்ஸ். ஒவ்வொன்றையும் இழுப்பது ஒரு பழைய டிராக்டர் எஞ்சின். மோதியபோது இருந்த வேகத்தைச் சொல்வதானால், பந்திக்குப் போகிறவர்கள் அதைவிட வேகமாகப் போவார்கள்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பாசஞ்சரில் இருந்தேன். இலவச டிக்கெட். பின்பக்கம் பார்த்த இருக்கை. எனவே மேலே ‘கண்ணால் கண்ட’ என்றிருப்பதை ‘முதுகால் கண்ட’ என்று திருத்தி வாசிக்கவும்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘நீலமலையின் மடியில் பனித்திரை மெல்ல விலக, காலனின் ஊதுகுழல்போல் ஓர் ஓலம்’

இல்லை. அன்றைக்குப் பனியே கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. தவிர, காலனிடம் ஊதுகுழல் இருந்ததாக எந்தப் புராணத்திலும் படித்ததில்லை. எருமைதான் இருந்தது.

‘ரத்தம் தோய்ந்த அந்தத் தண்டவாளத்தில்’

ஒரு சொட்டு வரவில்லை. கூட்ஸின் முதல் தள்ளுவண்டி குடைசாய்ந்தது. மூட்டை அவிழ்ந்து பச்சைத் தேயிலை மழையாக எங்கள் தலையில் கொட்டியது. பிறகு பயணிகள் கைதட்டினார்கள். திருப்பூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், கொண்டையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிமிர்ந்து, “ஏனுங்க, இது பேக்கேஜ்லயே வருதுங்களா, தனியாக் குடுக்கோணுங்களா?” என்று கேட்டார். மறுநாள் வந்த கூட்டம் “இன்னைக்கு எத்தனை மணிக்கு முட்டும்?” என்று விசாரித்து, முட்டாது என்று தெரிந்ததும் ரிசார்ட்டுக்கு ஒரு ஸ்டாரைக் குறைத்துப்போட்டுவிட்டுப் போனது.

‘பாசஞ்சரை ஓட்டியவர் கலைமதி. கூட்ஸை ஓட்டியவர் பாண்டியராஜ். இருவரும் கணவன் மனைவி.’

இது இருக்கட்டும். இதற்குமேல் இலக்கியம் எதற்கு?

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை. ரிசார்ட்டின் முதலாளி தரணிதரனை அதற்கு எடுத்துக்கொண்டு, விரலுக்கொரு மோதிரமும் கரகரத்த குரலும் கொடுத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நிஜத் தரணிதரன் கேட் ஓரம் படுத்திருக்கும் நாயிடமும் “சாப்ட்டியா சாமி?” என்று கேட்கிற மனிதர். அப்படிப்பட்டவரை வில்லனாக்கினால் நாய்கூட நம்பாது.

விபத்து நடந்த மறுநாள் அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்சூரன்ஸ்காரன் யாரு பொறுப்புன்னு கேக்கறானுங்க சார். ஒருத்தரை நிறுத்தியே ஆகோணும். எனக்குங்க, மனசு கேக்கமாட்டீங்குது. நீங்க எப்படியும் இதைக் கதையா எழுதுவீங்க. எழுதுங்க. கதையில யாரு தப்புன்னு வருதோ, அவங்களை நிறுத்திப்போடறேன். எழுத்தாளர் சொன்னா ஊரே ஒத்துக்கும்.”

(ஊராம். நான் சொல்லி என் வீட்டுக் குழாய்கூட ஒழுகுவதை நிறுத்தியதில்லை.)

வாசகரே, மற்றக் கதைகளில் கடைசி வரியில் ஆள் செத்தே போகலாம், ஒன்றும் ஆகாது. புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கலாம். இந்தக் கதையின் கடைசி வரியில் ஒருவருக்கு நிஜமாகவே வேலை போகும். வேலை மட்டுமா? குயில்மேட்டில் இரண்டு அறை உள்ள லைன் வீடு, கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால்தான் கிடைக்கும். ஒருவர் நின்றால் இருவரும் வீட்டைக் காலி செய்யவேண்டும். ஆக நான் எந்தப் பெயரை எழுதினாலும் தெருவுக்கு வருவது அதே இரண்டு பேர், அதே கட்டில், அதே மிக்ஸி.

4

விசாரணை நடந்த இடம், தண்டவாளம் முடிகிற ரோட்டோரத்தில் அயூப்பின் டீக்கடை.* விசாரணை அதிகாரி நான். படி, இரண்டு வர்க்கி.

“திருப்பத்துல ஹாரன் அடிச்சீங்களா?” என்று கலைமதியிடம் கேட்டேன்.

“அடிச்சனுங்ண்ணா. அந்தப் பக்கமிருந்து திருப்பிக் கேட்டுச்சு. சரி, நம்ம அடிச்சது மலையில பட்டுத் திரும்பி வருதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

“நீங்க?”

பாண்டியராஜ் வர்க்கியை டீயில் முக்கினார். “நானும் அடிச்சனுங்க. நானும் அதேதான் நெனச்சேன்.”

“அவரு நெனச்சது புதுசில்லீங்ண்ணா,” என்றார் கலைமதி. “கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் என்ன சொன்னாலும் மலையில பட்டு வர்ற சத்தமாட்டத்தான் கேட்டுட்டு இருக்கறாரு.”

“ஏம் புள்ள, எறங்கறவ நீ. ஏறி வர்றவனுக்கு வழி உடோணும்னு தெரியாதா? லோடு வண்டி அது.”

“லோடாம் லோடு. என்ற வண்டில இருந்தது மனுசங்க. உங்குளுது எல.”

“எல காசு குடுக்கும். உன்ற வண்டில வர்றவங்க போட்டோ புடிக்கறவங்க.”

“அதுலயும் சாரு ஓசி,” என்றார் அயூப், கேட்காமலே.

“அப்பச் சரி,” என்று பேனா மூடியைத் திறந்தேன். “பாண்டியராஜ் தப்புன்னு எழுதிக்கறேன்.”

கலைமதி எழுந்துவிட்டார். “அதெப்படிங்க எழுதுவீங்க? அவரு பாட்டுக்கு ஏறி வந்துட்டு இருந்தாரு. போயி முட்டுனது நானு.”

“அப்ப நீங்க தப்பு.”

“யாரைப் பாத்துச் சொல்றீங்க?” இது பாண்டியராஜ். டம்ளரை வைத்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. “அவ பிரேக் புடிக்காட்டி உங்க மண்டை இந்நேரம் கோத்தகிரில கெடந்திருக்கும். உக்காந்து வர்க்கி திங்கறீங்க, பேச்சு வேற!”

பேனாவை மூடினேன். அவர் தப்பு என்று சொல்ல இவருக்கும், இவர் தப்பு என்று சொல்ல அவருக்கும் மட்டுமே உரிமை உண்டு. மூன்றாம் ஆள் சொன்னால் அடி விழும்.

[* தன் பெயரும் கடையும் கதையில் கட்டாயம் வரவேண்டும் என்பது அயூப்பின் வேண்டுகோள். அடுத்த பகுதியைப் படித்துக் காட்டியதும் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனவே இந்தக் கதையில் வரும் டீக்கடைக்காரரின் பெயர் அயூப் இல்லை.]

5

“எல்லாரும் உங்க தப்பு எங்க தப்புன்னு பேசறீங்க,” என்றார் அயூப் (இல்லை என்று சொன்னேனே, அவர்தான்). “என்ற நஷ்டத்தை யாராச்சும் கேட்டீங்களா? அன்னைக்கு மொத மொறையா ரெண்டு போசிக்கு டீ போடச் சொன்னாங்க. ஒண்ணு நெறஞ்சு மேல போச்சு. இன்னொண்ணு வரவேயில்ல. அத்தனை டீயும் வீண்.”

இங்கேதான் என் பேனா நின்றது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதையில் புத்தி இருக்கிற பகுதி இது மட்டும்தான்.

குயில்மேட்டு ரயிலுக்கு சிக்னல் இல்லை, நேர அட்டவணை இல்லை, திருப்பத்தில் போனுக்கு டவரும் இல்லை. நாலு வருடம் ஓடியது, ஒரு தடவைகூட முட்டவில்லை. எப்படி? மேலே ஃபாக்டரியில் ஒரே ஒரு தூக்குப்போசி இருந்தது. கைப்பிடி வைத்த, நசுங்கிய எவர்சில்வர் தூக்குப் பாத்திரம். கீழே போகிறவர் அதை எடுத்துப்போய் அயூப் கடையில் டீ வாங்கி வருவார். மேலே காத்திருப்பவர் குடித்துவிட்டு, காலிப் போசியோடு தன் முறைக்கு இறங்குவார். போசி இல்லாமல் யார் கீழே போவார்கள், எதற்குப் போவார்கள்? அதனால் போசி வைத்திருந்தவர் தண்டவாளத்தில் இருந்தார். மற்றவர் டீக்கு வழி பார்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பாதுகாப்பு என்று பெயர் வைக்கவில்லை. வெறும் நாக்கு வறட்சி.

விபத்தன்று காலை ரிசார்ட்டின் நாலாம் ஆண்டு விழா. நான் வந்ததே அதற்குத்தான். தரணிதரன் தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கிவைத்தார்: கலைமதிக்கென்று தனியாக, சிவப்பு ரிப்பன் கட்டிய புதுப் போசி. மைக்கைப் பிடித்து, குரல் தழுதழுக்கச் சொன்னார்: “இனிமே இந்த எஸ்டேட்ல யாரும் யாருக்காகவும் காத்துட்டு இருக்க வேண்டியதில்லீங்க!”

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பழைய போசியோடு பாண்டியராஜ் இறங்கினார். புதுப் போசியோடு கலைமதி, யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்காமல், இறங்கினார்.

இதை நான் கடையில் சொல்லி முடித்ததும் அயூப் அடுப்பைத் தணித்தார்.

“அப்ப ரெண்டாவது போசிக்கு டீ போட்ட நானும் இதுல வருவனுங்களா?” என்றார் அயூப். (மேலே அடிக்குறிப்பைப் பார்க்கவும்.)

“அந்தப் புதுப் போசியைத் திருப்பிக் குடுத்துருங்க கலைமதி. தீந்துது,” என்றேன்.

“குடுக்கமாட்டனுங்ண்ணா.” ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நாலு வருசமா அவரு கொண்டாந்த ஆறிப்போன டீயைத்தான் குடிச்சேன். இப்ப நெனச்சா எறங்கறேன், சுடச்சுடக் குடிக்கறேன். என்ற பேரு வேற வெட்டியிருக்குது அதுல.”

“அதுவுஞ் செரிதானுங்க,” என்றார் பாண்டியராஜ். அன்று இருவரும் ஒத்துப்போனது இதில் மட்டும்தான். “ஹாரனை இனிமே நல்லாக் கேட்டுக்கறோம்.”

6

தரணிதரனிடம் போனேன். ரிசார்ட்டின் வரவேற்பறையில், போசி வழங்கும் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் குத்துவிளக்கு.

“அந்த ரெண்டாவது போசி இருக்குதுங்களே,” என்று ஆரம்பித்தேன்.

“நல்லாருந்துச்சுங்களா சார்? அடுத்த மாசம் ஃபாக்டரில எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தர்லாம்னு இருக்கறேன்.”

“அதனாலதாங்க வண்டி முட்டுச்சு.”

வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எழுத்தாளருக்குன்னு வருது பாருங்க கற்பனை! போசி போயி முட்டுமாங்க சார்?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கெழமைக்குள்ள பேரு குடுத்துருங்க. ரெண்டுல ஒண்ணு.”

வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

‘குற்றம் பாண்டியராஜ் மீதே என்று’ எழுதியவுடன் பெஞ்சு ஆடிய சத்தம் காதில் கேட்டது. கிழித்தேன்.

‘கலைமதி கண்ணீர் மல்க எஞ்சின் சாவியை மேசைமேல் வைத்து’ கலைமதி கண்ணீர் மல்குகிற ஆளா? சாவியை என்மேல் எறிவார். அதுவும் குறி தப்பாது.

‘தரணிதரனின் மனதில் மின்னல்போல் உண்மை’ இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

நாலாவது முடிவைக் கதாபாத்திரங்களே கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து என் வீட்டு வாசலில் நின்றார்கள். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை.

“எதிரொலி மேல போட்டுருங்ண்ணா,” என்றார் கலைமதி. “மலை பண்ணுன தப்புன்னு. வீடு போச்சுன்னா எங்கீங்க போவோம்? ஆளுக்கொரு பக்கம் ரூம்ல இருந்துட்டு, அப்பறம் நான் யாருகூடச் சண்டை போடறது?”

பாண்டியராஜ் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மலை எதுத்துப் பேசாதுங்க,” என்று மட்டும் சொன்னார்.

அப்போதே தரணிதரனுக்குப் போன் போட்டு, மலைதான் குற்றவாளி என்றேன். அவர் உண்மையிலேயே யோசித்தார். நெடுநேரம் யோசித்துவிட்டு, “மலையை எப்பிடிங்க சார் நிறுத்தறது?” என்றார்.

7

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

“கதை முடிஞ்சுதுங்களா?”

அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. கதையில் யார் தப்பு என்று வருகிறதோ அவருக்குத்தான் வேலை போகும். வராவிட்டால்?

“எழுதிட்டே இருக்கறனுங்க,” என்றேன். “இலக்கியம் பாருங்க. அவசரப்படுத்துனா கெட்டுப்போயிரும்.”

“ஆமாங்க ஆமாங்க,” என்றார் தரணிதரன், கோயில் நடை சாத்தியிருக்கும்போது பேசுகிற குரலில். “இன்சூரன்ஸ்காரன் கெடக்கறான். நீங்க நிதானமா எழுதுங்க.” இலக்கியத்தின்மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை. எதையும் படித்ததில்லை என்பதால் அது அப்படியே புத்தம்புதிதாக இருக்கிறது.

அதனால் வாசகரே, இந்தக் கதை முடியாது. கைவராததால் அல்ல, முடித்தால் இரண்டு பேருக்கு வீடு போய்விடும். உங்கள் மனதில் இந்நேரம் ஒரு தீர்ப்பு உருவாகியிருக்கும். அது சரியாகவும் இருக்கும். அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது தரணிதரனைச் சந்தித்தால், கதை அபாரம், கடைசிப் பக்கம்தான் இன்னும் அச்சாகி வரவில்லை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் போன் செய்வார், நான் எழுதிக்கொண்டே இருப்பேன், லைன் வீட்டில் அந்த மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனையோ பேர் கதைகளை எழுதி உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். ஒரு கதையை எழுதி முடிக்காமலே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எனக்குச் சிலை வைப்பதாக இருந்தால், பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்த மாதிரி, தலையில் தேயிலையோடு, வெண்கலத்தில்

போசி இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது, தண்டவாளம் இன்னும் ஒன்றுதான்.