மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் போன்

"ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டாரைப் போலத் தலையிடி தருகிறவர்கள் வேறு யாரும் இல்லை. இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்பவர்களோடு பேசலாம். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கலாம். வேண்டாம் என்கிறவர்களை என்ன செய்வது? நாமாகத்தான் அவர்கள் மனதுக்குள் புகுந்து, என்ன ஆசை கிடக்கிறது என்று துருவிக் கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு முதல் வாங்கி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவன் என் கையில் அகப்பட்டால் நான் சும்மா விடமாட்டேன்.

என் மகள் ஸம்றாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை சுபியான். மாவடிப்பள்ளிப் பிள்ளை. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் முடிந்தால் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து இருக்கப் போகிறார். முன்வீடு மகளுக்கு, பின்னால் இருக்கிற இரண்டு அறை எனக்கும் அவளுடைய வாப்பாவுக்கும். ஆனால் நானும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கமில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாலும் மாமி மறைவில்தான் நிற்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று நான் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன். அவர் என் நிழலைக்கூடப் பார்த்திருக்கமாட்டார். அதனால், "மகன், உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று ஒரு வார்த்தை நேராகக் கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

என் கணவர் அப்துல் ஸமட் கட்டாரில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். போய்ப் பத்தொன்பது வருஷம். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. முழங்கால் வீங்கிப் போய், தொழுகைக்குக் கதிரையில் உட்காருகிற நிலைமை. "போதும், இந்த முறை வந்தா திரும்பிப் போகமாட்டன்" என்று நோன்பு மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் வீடியோ அழைப்பில் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"புள்ள, பிடிச்சிட்டன்!"

"என்னத்தப் பிடிச்சீங்க?"

"மருமகண்ட ஆசைய. அவரு போன்களப் பத்தி வீடியோ போடுறாருல்ல, அதுல சொல்லி இரிக்காரு. செப்டெம்பருல ஒரு போன் வருதாம். உசிரக் குடுத்தாவது எடுக்க வேண்டிய போனாம். எனக்குத்தான் சொல்லி இரிக்காரு."

"உங்களுக்கா? அத ஊரே பாக்குதே!"

"ஊருக்குச் சொல்ற மாதிரி மாமனாருக்குச் சொல்றது. வேற எப்பிடிக் கேக்குற? வாய் திறந்து கேக்க ஏலுமா? நல்ல குடும்பத்துப் புள்ள."

அன்றைக்குப் பிடித்த பிசாசு அவரை விடவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் போனின் அருமை பெருமைதான். சுற்றியிருக்கிற சட்டம் விமானம் செய்கிற உலோகமாம். நிலாவைக் கிட்டத்தில் எடுக்கிற கமெராவாம். அரபியில் பேசினால் தமிழில் சொல்லுமாம். பத்தொன்பது வருஷம் அரபிக்காரரிடம் ஏச்சு வாங்கியவருக்கு அதைத் தமிழிலும் கேட்க வேண்டுமாக்கும்.

கதை அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மீன் வெட்டப் போயிருப்பேன். கம்பனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது. வைத்தால் முற்பணம் தரும். அந்த முற்பணத்தில் போனை எடுத்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். ஆனால் முதல் வருஷம் லீவு கிடையாது. கல்யாணத்துக்கு போன் வரும், வாப்பா வரமாட்டார். இதுதான் அவர் போட்ட கணக்கு.

"உங்களுக்கு விசரா?" என்று கத்தினேன். "ஸம்றா நடக்கத் தொடங்கினத்தப் பாத்தீங்களா? ஓ.எல். சோதின பாஸ் பண்ணின அண்டைக்கு இருந்தீங்களா? பெரிய புள்ளையான அண்டைக்கு இருந்தீங்களா? நிக்காஹ்வில மாப்பிள்ளைட கையப் பிடிச்சு, என்ட மகள உங்களுக்குத் தாறன் எண்டு சொல்ல வேண்டியவர் நீங்க. அதையும் வேற ஆளா செய்ற?"

"என்ட காக்கா இரிக்காருதானே. வாப்பாட இடத்துல பெரியப்பா நிண்டு குடுத்தா நிக்காஹ் கூடாதா?"

"கூடும். அவள் ஆருட முகத்தப் பாப்பாள்?"

வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வெறுங்கையோட வந்து நிக்கச் சொல்றியா, புள்ள? வீடு உன்ட. இனி அது மகள்ற. அதுக்குள்ள நான் என்னத்தக் காட்டி மாமனார் எண்டு இரிக்கிற?"

எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனிதர் பத்தொன்பது வருஷமாக அனுப்பிய காசில் எழுந்த வீடு அது. அவருக்கு அது இன்னும் மனைவி வீடு. இரவும் பகலும் சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் கம்பனிக்கு முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு, ஓட்டோவில் ஏறிக் கல்முனைக்குப் போனேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பாள். மாமியார் போய் மருமகன் கடை வாசலில் நிற்பதாவது! ஊர்ப் பெண்களின் வாயில் விழுந்தால் ஒரு மாதத்துக்குப் போதும். ஆனாலும் போனேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் அனுப்ப?

கடையில் வேறு ஆளில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் சுபியான் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல களையான முகம். மெலிவுதான், வந்து சாப்பிட்டால் தேறிவிடும் என்று நினைத்தேன். புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

"வாங்க ராத்தா, என்ன செய்யணும்?"

என் போனை எடுத்து நீட்டினேன். "சார்ஜ் நிக்குதில்ல மகன்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டரிதான் போயிருக்கி. மாத்தினா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்."

"ஒரு கத கேக்கணும். செப்டெம்பருல ஒரு பெரிய போன் வருதாமே. அத எடுக்கலாமா?"

"ஆருக்கு? உங்களுக்கா?"

"என்ட மருமகனுக்கு."

"அவரு கேட்டாரா?"

"வாயால கேக்கல்ல."

சுபியான் சிரித்தார். "அப்ப உட்டுடுங்க ராத்தா. உங்கட சல்லி, நான் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றன், அதுல ஒண்டுமில்ல."

"சட்டம் விமானத்துக்குப் போடுற உலோகமாமே?"

"எடுக்கிற ஆளு அண்டைக்கே றப்பர் கவர் வாங்கி அதுக்குமேல போடுவாரு. உலோகத்த ஆரு பாக்குற?"

"சிக்னல் இல்லாத இடத்துலயும் வேல செய்யுமாம்."

"நடுக்கடலுல செய்யும். கல்முனையில சிக்னல் இல்லாத இடமெண்டா இந்தக் கடை கக்கூசு மட்டும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவரும் உற்சாகமாகிவிட்டார். கமெரா நல்ல கமெராதான், ஆனால் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாப் படமும் ஒன்றுதான் என்றார். போன வருஷத்துப் போனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை, வெளியான விவரங்களைப் படித்துக் கண்டுபிடிக்கத் தனக்கே இரண்டு நாள் பிடித்ததாம். படத்தில் பின்னால் நிற்கிற வேண்டாத ஆட்களை அது தானாக அழித்துவிடும், அது ஒன்றுதான் கொஞ்சம் புதினம் என்றார்.

"இல்லாத ஆளச் சேர்க்குமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். "சேர்க்கும் ராத்தா. ஆனா அது பொய்ப் படம்தானே."

"நீங்க எடுக்கமாட்டீங்களா?"

மேசையில் கிடந்த தன் போனைத் தூக்கிக் காட்டினார். மூலை உடைந்து, நாலு வருஷப் பழசு. "இது போதும். நான் ஏன் எடுக்கிற?"

"அப்ப வீடியோவுல உசிரக் குடுத்தாவது எடுக்கணும் எண்டு சொன்னீங்களே!"

"அதையும் பாத்தீங்களா?" வெட்கப்பட்டார். "அப்பிடிச் சொன்னாத்தான் ஆக்கள் கடைசி வரைக்கும் பாப்பாங்க. சும்மா ஒரு பேச்சுக்கு."

சும்மா ஒரு பேச்சுக்கு! என் மனுசனுக்கு இரண்டு வருஷம், என் மகளுக்கு அவள் வாப்பாவின் கை, இவருக்கு ஒரு பேச்சு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் ஏச முடியவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆசையைத் தேடி அலைந்தது நாங்கள்தானே. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை இறக்கியது போலவும் இருந்தது. செவ்வாய்தானே, வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது. வீட்டுக்குப் போய் இதை அப்படியே அவருக்குச் சொன்னால் முடிந்தது.

அதற்குள் சுபியானின் கையில் இருந்த என் போன் அடித்தது. திரையில் என் கணவரின் முகம், கீழே "ஸம்றா வாப்பா" என்று பெயர். சுபியான் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதிரை பின்னால் சாய எழுந்து நின்றார்.

இனி என்ன மறைவு? மாஸ்க்கைக் கழற்றினேன்.

"எடுங்க மகன்," என்றேன். "எடுத்து இப்ப எனக்குச் சொன்னத்த மாமாக்கும் சொல்லுங்க. உங்களுக்குத் தாறத்துக்காக அந்தப் போன வாங்கத்தான் இன்னும் ரெண்டு வருஷம் நிக்கப் போறாராம். கல்யாணத்துக்கும் வரமாட்டாராம். வேணாமெண்டு உங்கட வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

அவருடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போயிற்று. அழைப்பை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி போனை மேசையில் சாய்த்து வைத்தார். என் கணவர் களஞ்சியத்துக்குள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மருமகனைக் கண்டதும் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மகன்! நீங்க எப்பிடி... ஹாஜறா, நீ எங்க நிக்கிற?"

"கடையிலதான் நிக்கிறன். வெட்கம் மானம் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு நிக்கிறன். மருமகன் சொல்றத்தக் கேட்டுட்டு டிக்கெட்டப் போடுங்க."

"மாமா," என்றார் சுபியான். "மாமா, அந்தப் போனுக்காக நீங்க..."

"அட, தெரிஞ்சிட்டா?" என் கணவர் சிரித்தார். "திடீரெண்டு தரணும் எண்டு நெனச்சன். சரி, போகட்டும். ஞாயித்துக்கிழமையே கையெழுத்து வச்சிட்டன் மகன். நாள் கடத்தினா ஹாஜறா அழுது என்ட மனச மாத்திப் போடுவாள் எண்டு பயம். முற்பணமும் தந்திட்டாங்க. நேத்துப் பின்னேரம் போய்ப் போனுக்கும் முன்கூட்டியே சல்லி கட்டிட்டு வந்திட்டன். முதல்ல வாற போன்கள்ல ஒண்டு நமக்கு."

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு இரண்டு நாளாக நான் கத்தியதும் கெஞ்சியதும் எல்லாம் முடிந்து போன காரியத்துக்கு. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"திருப்ப ஏலாதா?" என்றேன்.

"ஏலா புள்ள. பாஸ்போட்டு அவங்கட கையில." பிறகு மருமகனைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சுபியானின் முகத்தில் எதைக் கண்டாரோ, பயந்த பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"மகன், அது மெய்யா நல்ல போன்தானே? நீங்க வீடியோவுல சொன்ன மாதிரித்தானே இரிக்கும்?"

சுபியான் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. ஓம் என்று சொல்லுங்கள் என்பது போல நான் மெல்லத் தலையை ஆட்டினேன்.

"ஓம் மாமா," என்றார். "நான் சொன்னத்த விட நல்ல போன். இந்தக் கல்முனையில ஒருத்தருக்கிட்டயும் இரிக்காது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று என் கணவர் பெரிய மூச்சு விட்டார். "கேட்டியா புள்ள? ஒனக்குத்தான் ஒண்டும் விளங்கல்ல."

"கேட்டன்," என்றேன். "நல்ல போன்தான்."