வெறும் வயிறு

பழத்தை உரித்தே நீட்டினாள் ராயம்மாள். உரித்தது வீணாகக் கூடாதே என்பதற்காகவாவது அப்பா தின்பார் என்று நினைத்தாள்.

சவுரியப்பன் பழத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையில் வெள்ளை மாத்திரை. மறு கையில் தண்ணீர்ச் செம்பு.

“பூச முடியட்டும்.”

“மணி அஞ்சுதாம்ப்பா ஆவுது. பூச ஏழுக்கு. நாக்குல நன்ம அப்பம் வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால வரைக்கும் திங்கலாம்னு சாமியாரே சொல்லிட்டாரு.”

“பாதி ராத்திரிக்கு மேல எதுவும் தொடக் கூடாது. எங்கம்மா சொன்னது.”

“போப்பாண்டவரே மாத்திட்டாருப்பா. ஏழு வருசம் ஆச்சு.”

“அவரு பெரியவரு, மாத்தலாம். நான் யாரு மாத்தறதுக்கு?”

“அப்ப மாத்திரை மட்டும் உள்ள போலாமா?”

“மருந்துக்கும் தண்ணிக்கும் அனுமதி உண்டு.”

“அதுவும் அவங்க மாத்துனதுதான? அத மட்டும் ஒத்துக்கிட்டியா?”

அவர் மாத்திரையை விழுங்கினார். தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கோயில் இரண்டு மைல். மாத்திரை இல்லாமல் முழங்கால் நகராது. தினமும் பூசை, தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. போன மாதம் மலம் கறுப்பாகப் போயிற்று. ஏரியூரிலிருந்து பஸ் ஏற்றிப் பென்னாகரம் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இளைஞர். அவளிடம்தான் பேசினார்.

“குடல் புண்ணாயிருக்கும்மா. வெறும் வயித்துல போட்டா ஓட்டையே வுழுந்துடும். ஒரு வாழப்பழமாவது தின்னுட்டுப் போடச் சொல்லுங்க. அதுல செரோட்டோனின்னு ஒண்ணு இருக்குது. நம்ம குடலும் அதச் செய்யுது. அது புண்ணக் காக்குமான்னு வெளிநாட்டுல பாத்துக்கிட்டிருக்காங்க. காக்குதோ இல்லையோ, வயித்துல ஏதாவது கெடக்கட்டும்.”

வெளியே வந்ததும் சவுரியப்பன் சொன்னார். “அவங்களே இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம்.”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு சீப்பு வாங்கினாள். அது பழுக்கும், கறுக்கும், ஆட்டுக்குப் போகும். ஆடு கொழுத்திருந்தது.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. படியிலேயே உட்கார்ந்தார்.

“நன்ம வாங்கிட்டேன். இப்பக் குடு உன் பழத்த.”

காலையில் உரித்த பழம் ஓரங்களில் கறுத்திருந்தது. அதையே கொடுத்தாள். ஒரு கடி கடித்தார். விழுங்குவதற்குள் வாந்தி எடுத்தார். காப்பிப்பொடியைக் கரைத்ததுபோல இருந்தது. வயிற்றைத் தொட்டாள். பலகையாக இறுகியிருந்தது.

பக்கத்து வீட்டுக் காவேரி வண்டி பூட்டச் சொல்லி ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்கு முக்கால் மைல். பாதி வழியில், வண்டியிலேயே, அவர் பிடி அவள் கையை விட்டது.

சாயங்காலம் கோயில் உபதேசியார் வந்து முழங்காலிட்டு ஜெபம் சொன்னார். எழுந்து, “நன்ம வாங்குன வாயோட போயிருக்காரு. குடுத்து வச்சவரு” என்றார்.

“குடல்ல ஓட்டையோட போயிருக்காருங்க” என்றாள் ராயம்மாள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். கூடியிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன் எழுந்தாள். மணி ஐந்து. செம்பும் மாத்திரைப் புட்டியும் மாடத்திலேயே இருந்தன. சீப்பில் ஏழு பழங்கள். ஒன்றைப் பிய்த்து உரித்தாள். உடலுக்குப் பக்கத்தில் நின்றே தின்றாள். பிறகு இன்னொன்று.

“எடுக்கற வரைக்கும் வூட்டுல யாரும் திங்க மாட்டாங்க புள்ள” என்றாள் ராத்திரி துணைக்கு இருந்த காவேரி, மெதுவாக.

“இந்த வூட்டுல யாரும் திங்காம இருந்தது போதும்.”

காவேரி தோல்களை வாங்கிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டாள்.

அடக்கப் பூசை பத்து மணிக்கு. சவப்பெட்டியைப் பீடத்தின் முன்னால் வைத்திருந்தார்கள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாவில் இன்னும் பழத்தின் ருசி இருந்தது.

நன்மை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழப்போனாள். தின்று ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெட்டியைப் பார்த்தாள். பாதி ராத்திரிக்கு மேல் தின்ற பழம். உட்கார்ந்தாள்.

வரிசை பெட்டியைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டு, “வா” என்றாள்.

ராயம்மாள் கால்களை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டாள்.