அசுந்தா மாடியில் வசிப்பாள்

எதிர்காலத்தைப் பற்றிய பாடத்தை நான் எப்போதும் இரண்டாவது வாரத்துப் புதன்கிழமைக்கு வைத்துக்கொள்வேன். முதல் வாரம் வெளிநாட்டுக்காரர்களுக்கு நாக்கே எழும்பாது. காப்பி கேட்டு, கழிப்பறை எங்கே என்று விசாரித்து, நேற்றுப் பார்த்ததையும் தின்றதையும் சொல்லப் பழகிய பிறகுதான் இனிமேல் செய்யப்போவதைச் சொல்லும் தெம்பு வரும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை என்னிடம் இத்தாலிய மொழி. சாப்பாட்டுக்குப் பிறகு என் தம்பி தொனாத்தோவோடு மலைநடை, இல்லையென்றால் சைக்கிள். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தை ஊராட்சிக்காரர்கள் எங்களிடம் விட்டு பதினோரு வருடம் ஆகிறது. இத்தாலியின் மொலீசே மலைப்பகுதியில் இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாதவர்கள் அதன் பிறகுதான் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அந்த ஜூன் மாதம் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹென்னிங். டென்மார்க்கில் பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம். வீட்டுப்பாடத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

"அக்டோபரில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆளுக்கு மூன்று வாக்கியம்" என்றேன்.

அயர்லாந்து நர்ஸ் வேலைக்குத் திரும்புவாள், வாரம் முழுவதும் அழுவாள், பிறகு மறுபடியும் பணம் சேர்ப்பாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹென்னிங்கின் முறை வந்ததும் எழுந்து நின்றார்.

"அக்டோபரில் நான் அத்திமரத்து வீட்டில் வசிப்பேன். தொனாத்தோ எனக்குச் சாவி கொடுப்பார். அசுந்தா பள்ளிக்கூடத்தின் மாடியில் வசிக்கிறாள்."

வாசற்படியைத் தூக்கிவிட்டு வளர்ந்த அத்திமரம் ஊரில் ஒரே வீட்டின் முன்னால்தான் நிற்கிறது. நான் பிறந்த வீடு. ஐம்பத்திரண்டு வருடமாக நான் படுத்து எழும் வீடு. அசுந்தா நான்தான். அது எனக்கு உறைப்பதற்கு முன்பே என் கை சுண்ணக்கட்டியை எடுத்துவிட்டது. "வசிக்கிறாள் இல்லை. வசிப்பாள்" என்று என் வாய் சொன்னது. அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் முழுதாக எழுதி வினைச்சொல்லின் கீழே கோடு போட்டேன். எழுதிய வாக்கியத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வது வகுப்பு வழக்கம். நான் சொல்லச் சொல்லாமலே ஆறு பேரும் சொன்னார்கள்: "அசுந்தா பள்ளிக்கூடத்தின் மாடியில் வசிப்பாள்."

இடைவேளையில் சமையலறைக்குப் போனேன். பீனா தக்காளிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என்னோடு படித்தவள்.

"பீனா, எங்க வீட்ட அந்த டென்மார்க்காரர் வாங்கறாரா?"

கரண்டி நின்றது. "என்னடி, என்கிட்ட வந்து கேக்கற?"

"வேற யார்கிட்ட கேக்க?"

"அடிப்பாவி, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்! அசுந்தாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசுன்னு நேத்துகூடப் பேசிக்கிட்டோமே."

"பேசிக்கிட்டோம்னா, யாரெல்லாம்?"

"யாருன்னு சொல்ல... மருந்துக்கடைல பேசுனாங்க. சர்ச் வாசல்லயும் பேசுனாங்க." ஒரு தட்டை எடுத்து அவசரமாகக் கழுவினாள். "உக்காரு. உனக்கு முதல்ல போட்டுத் தரேன். எதையாவது தின்னுட்டு அப்புறம் கோவப்படு."

நான் சாப்பிடவில்லை. மதிய நடைக்கு ஒருநாளும் போகாதவள் அன்று தொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன். தொனாத்தோ என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். மேட்டுக்குப் போகும் வரை அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. பழைய மந்தைப்பாதை அங்கே அகன்று புல்வெளியாகிறது. வந்தவர்கள் படம் எடுக்கக் கலைந்ததும் அவன் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்தான்.

"எப்படா சொல்றதா இருந்த?"

"ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு இருந்தேன்க்கா. சாப்பிட்டு முடிச்சு, நிதானமா."

"எந்த ஞாயித்துக்கெழம?"

அவன் மற்ற முழங்காலையும் பிசையத் தொடங்கினான். "முட்டி ரெண்டும் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இந்த மலைய ஏறுனா பெருசு. மிரெல்லா பொலோஞாவுக்கே வந்துடுப்பாங்கறா. பொண்ணு கூப்பிடறப்பவே போயிடணும்க்கா. அப்புறம் கூப்பிட மாட்டா."

"நான்?"

"மாடி ரூம்ல வெயில் நல்லா விழும். ஹீட்டர் வச்சுத் தரேன். நீ எப்பவும் பள்ளிக்கூடத்துலதான கெடக்கற?"

"அப்பாவ ஆறு வருஷம் அந்த வீட்டுல வச்சு, தூக்கி, கழுவி எடுத்தவ நான்டா."

"இல்லன்னு யார் சொன்னா? ஆனா பத்திரம்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

பத்திரம் அவன் பெயரில் இருக்கிறது. அப்பா இறந்த வருடம், ஒரே பெயரில் இருந்தால் வரி குறையும் என்றான். நோட்டரி என் முன்னால் ஒரு வரி விடாமல் வாசித்தார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மொழி சொல்லிக்கொடுப்பவளுக்குப் புரியாமல் போகுமா? புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். தம்பிதானே என்று. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர்கிட்ட என்னன்னு சொல்லி வச்சிருக்க?"

"நீ சந்தோஷமா ஒத்துக்கிட்டேன்னு." தலையைக் குனிந்துகொண்டான். "இல்லன்னா அவர் வாங்க மாட்டாருக்கா. அப்பிடியாப்பட்ட மனுஷன்."

அதற்குள் நர்ஸ் ஒரு மஞ்சள் பூவோடு ஓடிவந்து அதன் பெயர் கேட்டாள். தொனாத்தோவின் முகத்தில் வழிகாட்டியின் சிரிப்பு சட்டென்று வந்து உட்கார்ந்தது. பூக்களின் பெயர் அவனுக்கு என்றைக்குமே நினைவிருந்ததில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுக்கும் நாள். பீனா பாதாம் ரொட்டி சுட்டிருந்தாள். வழக்கம்போல ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஹென்னிங் எழுதி வைத்துக்கொண்டு பேசினார்: "என் ஆசிரியர் எனக்கு ஒரு மொழியைக் கொடுத்தார். இப்போது தன் வீட்டையும் கொடுக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்களை நான் முன்பு பார்த்ததில்லை." கண் கலங்கிவிட்டார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது தொனாத்தோ. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவர் அந்த வீட்டை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அதை எந்தக் குரலில் சொன்னாலும் கையேந்துவது போலத்தான் கேட்கும் என்று தோன்றியது. அதுவும் பீனாவும் மருந்துக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க. சான்றிதழை நீட்டினேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஹென்னிங் என் வீட்டுக் கதவைத் தட்டினார். வீடு சாமான்களோடுதான் விலை பேசப்பட்டிருந்தது. அவர் கையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டு ஒன்று. "தயவுசெய்து, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர். நான் எழுதி ஒட்டுவேன். பிறகு தினமும் படிப்பேன்."

உள்ளே வாருங்கள் என்றேன். கதவிலிருந்து ஆரம்பித்தோம். தாழ்ப்பாள். அடுப்பு. துருவி. நான் சொல்ல, அவர் மும்முறை சொல்லி, எழுதி, ஒட்டினார். அப்பா கடைசி மூச்சு விட்ட கட்டிலுக்கு முன்னால் வந்ததும், "கட்டில்" என்று அவரே சொல்லிவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தார். நன்று என்றேன். என் தலையணைக்கும் ஒரு சீட்டு விழுந்தது. ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்க மஞ்சளாகப் படபடத்தது.

சமையலறை மூலையில் கால் வைத்த நீளமான மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியைத் தூக்கி, உள்ளே ரொட்டி மாவைப் பிசைந்து, பொங்க வைப்பது. அதன் பெயர் மாதியா.

"இது?" என்றார் ஹென்னிங்.

"பாரா" என்றேன்.

சவப்பெட்டிக்கு எங்கள் மொழியில் அந்தப் பெயர். பதினோரு வருடத்தில் ஒரு சொல்லைக்கூட நான் தவறாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"ஆண்பாலா, பெண்பாலா?"

"பெண்பால்."

சீட்டில் பெரிய எழுத்துகளாக எழுதினார். மூடியின் நடுவில் வைத்து, விழுந்துவிடாமல் கட்டைவிரலால் நான்கு மூலையும் அழுத்தினார். "பாரா, பாரா, பாரா" என்றார். பிறகு நிமிர்ந்து, வகுப்பில் நிற்பது போலவே நின்றுகொண்டு, "என் சமையலறையில் ஓர் அழகான பாரா இருக்கிறது" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வாக்கியத்தில் பிழை இல்லை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டைக் கிழித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தார்.