ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

ஏழாம் நம்பர் கொடியை இசக்கிபாண்டி பிடுங்கிய வேகத்தில் கம்பு பாதியில் ஒடிந்தது. ஒடிந்தால் ஒடியட்டும் என்று கையோடு வந்த துண்டை மற்றக் கொடிகளோடு சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். நேற்று வரை ஏழாம் குழி தொடங்கிய இடம் அது. இன்றிலிருந்து அங்கே எதுவுமே தொடங்காது. நூற்றைம்பது ஏக்கர் கரிசல் காட்டில் பதினெட்டுக் கொடியையும் அவனே நட்டான், அவனே பிடுங்குகிறான். ஆறு மாதம் வெயிலில் வெந்து போட்ட வரிசையை மெட்ராஸில் ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு மனுஷன் ரப்பரால் அழித்துவிட்டான். 

கோவில்பட்டியில் தனியார் சர்வேயர்களுக்குச் சங்கிலி இழுத்தும் கம்பு பிடித்தும் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் இசக்கி. தொண்ணூற்றேழில் அவனுடைய ஊர்க்காட்டையே கோல்ஃப் மைதானம் போட ஒரு கம்பெனி வளைத்து வாங்கியபோது, உள்ளூர் ஆள் வேண்டும் என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கோல்ஃப் என்றால் என்னவென்று அதற்கு முன்னால் அவனுக்குத் தெரியாது. மைதானத்தை வரைய வந்த நந்தகோபால் சார்தான் சொல்லிக் கொடுத்தார். பந்தை அடிக்கத் தொடங்கும் மேட்டுக்கு டீ என்று பெயர். குழி இருக்கும் புல்திட்டு கிரீன். ஒரு கிரீனில் ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்த டீக்கு நடந்து போவார்கள். நடந்து போகிற அந்த இடத்தில் பந்து பறக்காது. இதைக் கேட்டதும் இசக்கிக்கு மூளையில் பொறி தட்டியது.

அவன் ஊரிலிருந்து வடக்கே கண்மாய்க்குப் போகிற ஆட்டுப்பாதை அந்தக் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. "சார், ஆறாம் குழிய பாதைக்குக் கிழக்க முடிச்சிருங்க. ஏழ மேக்க ஆரம்பிங்க. நடுவுல எங்க ஆடு பாட்டுக்குப் போயிரும், உங்க பந்தும் யார் மண்டையிலயும் விழாது" என்றான். நந்தகோபால் பிளானை நாலு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ படிச்சிருந்தா என் வேலைக்கு உலை வச்சிருப்பே" என்று சிரித்தார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் பாதை பிளானில் ஏறியது. அன்றைக்கு இசக்கி தரையில் நடக்கவில்லை.

அந்தப் பிளானைக் காட்டித்தான் அக்கா செண்பகவல்லியிடம் கையெழுத்து வாங்கினான். புருஷன் போன பிறகு அறுபது செம்மறியை ஒற்றை ஆளாக மேய்த்து இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். அவளுடைய மூன்று ஏக்கர் ஆறாம் குழிக்குள் வந்தது. யார் வந்து கேட்டும் மசியவில்லை. "நெலம் போனா போகுது, மழையில்லாம அது என்னத்தக் குடுத்துச்சு? பாதை போச்சுன்னா தண்ணிக்கு நான் எங்கன போவேன்?" என்பதுதான் அவள் கேள்வி. காட்டைச் சுற்றி ரோடு வழியாகப் போனால் ஐந்து மைல். குட்டி போட்ட ஆடு அவ்வளவு தூரம் நடக்காது. மந்தையை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போக வேண்டியதுதான். "பாதைக்கு நான் பொறுப்புக்கா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான் இசக்கி. அதற்கப்புறம்தான் அவள் பேனாவைத் தொட்டாள்.

இப்போது புதுப் பிளான் வந்திருக்கிறது. கிளப் கட்டடம் ரோட்டோரம் வேண்டாமாம், மேற்கே மொட்டைக் குன்றாக நிற்கும் கரட்டடியில் வேண்டுமாம். அதனால் வரிசை தலைகீழாகிவிட்டது. ஒன்று இருந்த இடத்தில் பத்து, பதின்மூன்று இருந்த இடத்தில் நாலு. கடைசிக் குழி கரட்டைப் பார்த்து நீளமாக, கம்பீரமாக இருக்க வேண்டும் என்று மெட்ராஸ் முதலாளி ஆசைப்பட்டதால் பழைய ஆறையும் ஏழையும் ஒட்ட வைத்து ஒரே பதினெட்டாக்கிவிட்டார்கள்; குறைகிற ஒன்றுக்கு வேறு பக்கம் புது இடமாம். பாதை இருந்த இடத்தில் இனி பந்து பறக்கும். ஆடுகளின் பாதுகாப்பை முன்னிட்டு முள்கம்பி வேலி என்று ஓரத்தில் எழுதியிருந்தது. ஆடுகளின் பாதுகாப்பு! அதைப் படித்ததும் இசக்கி நேராக நந்தகோபாலிடம் போனான்.

"சார், கடைசிக் குழிய மேக்கப் பாத்து வைக்கக் கூடாது, சாயங்காலம் கண்ணு கூசும்னு நீங்கதான சொன்னீங்க? அவியகிட்ட அதையாவது சொல்லிருக்கலாம்லா?"

நந்தகோபால் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொன்னேன் இசக்கி. கேட்கல."

"ஒரு தடவ சொன்னீங்களா, ரெண்டு தடவையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அவர் ஜீப்பின் மறுபக்கக் கண்ணாடிக்குப் போனார். நல்ல மனுஷன்தான். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, நாக்கா வழிக்க?

உச்சி வெயிலில் அக்கா மந்தையை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். கொடிகள் இல்லாத காட்டைப் பார்த்ததும் நின்றாள். இசக்கி மென்று முழுங்கிச் சொன்னான். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். "ஏலே, எங்கிட்டக் கையெழுத்து வாங்குனது கம்பெனியா, நீயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மூன்று மணிக்கு முதலாளி வெள்ளைக் காரில் வந்தார். ஐப்பசி பிறந்தும் அதுவரை ஒரு சொட்டு மழையில்லை. காடு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கல் மாதிரி இருந்த தரையைப் பார்த்த டிரைவர், முதலாளி கையைக் காட்டிய பக்கமெல்லாம் காரை விட்டான். பதினெட்டாம் குழியின் நட்டநடுவில் இறங்கி, "மத்த பதினேழும் அப்புறம் நட்டுக்கலாம், முதல்ல அந்தப் பதினெட்ட அது முடியுற இடத்துல நடு, பார்க்கலாம்" என்றார் முதலாளி. இசக்கி கரட்டடிக்கு நடந்துபோய் நட்டுவிட்டு வந்தான். அவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "பிரமாதம்! இதுதாம்பா ஃபினிஷ்" என்றார். கொஞ்சம் தள்ளி ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அவர் கண்ணில் அது படவில்லை.

கரட்டுக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து அரைமணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டது. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டிரைவர் பதறிப்போய் வண்டியைக் கிளப்பினான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டாவது சுற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. நந்தகோபால் ஜீப்பைக் கிளப்பி உதவிக்கு வரப் பார்த்து, பத்தடியிலேயே புதைந்தார். முதலாளி கதவைத் திறந்து காலை வைத்தார். ஷூவை மண் வாங்கிக்கொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி ஏறி உட்கார்ந்தார். எங்கே பார்த்தாலும் ஒரே கருப்பு, அதன்மேல் தண்ணீர்.

அப்போது வடக்கேயிருந்து மந்தை திரும்பியது. அந்தச் சேற்றுக் கடலில் அறுபது செம்மறியும் கால் புதையாமல், ஒன்றன் பின் ஒன்றாக, காருக்கு முப்பதடி தள்ளி நடந்து போயின. காலங்காலமாகக் குளம்பு பட்டு இறுகிய தரை. மேலே விரற்கடை சேறு, கீழே பாறை மாதிரி. மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு செண்பகவல்லி பின்னால் வந்தாள்.

"ஏம்மா, ரோட்டுக்குப் போக வழி எது?" என்று முதலாளி கார் ஜன்னலிலிருந்து கத்தினார்.

அவள் நின்றாள். "வழியா? இங்கன வழியே கெடையாதுன்னுல்லா வரஞ்சு வச்சிருக்கீங்க. அதுல பாத்துப் போங்க" என்றாள். ஒரு குட்டி பின்தங்கியது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

முதலாளிக்கு அது புரிந்ததோ புரியவில்லையோ, முகம் சிவந்தது. நந்தகோபால் பிளான் சுருளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குனிந்து நின்றார். "நீ என்னய்யா வேடிக்கை பார்க்கிறே?" முதலாளி இசக்கியைப் பார்த்துக் கத்தினார். "போய் டிராக்டரக் கூட்டிட்டு வா. டிராக்டர்க்காரனும் வந்து மாட்டிக்கப் போறான். அந்தக் கொடிய வழி நெடுக நட்டுக்கிட்டே போ!"

இசக்கி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு கொடிக்கட்டை அவிழ்த்தான். மழைத் தூறலில் நின்று, ஒரு அவசரமும் இல்லாமல், பதினேழு கொடிகளையும் நம்பர் பார்த்து அடுக்கினான். பாதையின் விளிம்பில் காரைப் பார்த்தாற்போல் ஒன்றாம் நம்பரை நட்டான். அறுபது தப்படி நடந்து இரண்டை நட்டான். கடப்பாரையை ஓங்கிக் குத்தும்போதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சில முதலாளிக்கு, சில நந்தகோபாலுக்கு, பெரும்பாலும் அவனுக்கே. ஒடிந்த ஏழையும் விடவில்லை. அது முழங்கால் உயரத்துக்குத்தான் நின்றது. பதினேழாவது தார் ரோட்டில் போய் முட்டியது.

டிராக்டர் அந்த வரிசையைப் பிடித்து வந்து, காரையும் ஜீப்பையும் கட்டி இழுத்தது. முதலாளி அதுவரை காத்திருக்கவில்லை. ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடிகளை எண்ணியபடியே நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"காலையில எல்லாத்தையும் பிடுங்கி அதது இடத்துல நட்டுடு" என்றார்.

"எது சார் அதது இடம்?"

அவர் ரோட்டில் வந்த லாரிக்குக் கை காட்டப் போய்விட்டார். நந்தகோபால் மட்டும் திரும்பி, அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 

விடிந்தபோது மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. இசக்கி கடப்பாரையோடு ஏழாம் கொடியருகே வந்து நின்றபோது ரோட்டில் நந்தகோபாலின் ஜீப் ஹாரன் கேட்டது. ஊர்ப் பக்கமிருந்து மந்தை வந்தது, பதினேழு, பதினாறு, பதினைந்து என்று கொடிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு. அக்கா அவன் கடப்பாரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஹாரன் மறுபடி அடித்தது. நேற்றைய குட்டி அக்காவின் தோளிலிருந்து இறங்கி வந்து, ஒடிந்த கம்பில் தொங்கிய சிவப்புத் துணியை எட்டிப் பிடித்து மெல்லத் தொடங்கியது. இசக்கி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, ஹாரனுக்குப் போகாமல், அது தின்று முடிக்கும் வரை பாதையிலேயே உட்கார்ந்துகொண்டான்.